டார்ச் விளக்கும் லட்சம் கோடியும்

தண்டவாளத்தைக் காப்பது யார்?

2024 பிப்ரவரி 25. நடுநிசி தாண்டிய நேரம். செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை மலைச் சாலையின் 'எஸ்' வளைவில், ஒட்டுப்பலகை ஏற்றி வந்த லாரி ஒன்று நிலை தவறிக் கீழே உருண்டது. கீழே இருப்பது ரயில் பாதை. லாரியும் அதன் பாரமும் தண்டவாளத்தின் மேல் விழுந்து கிடந்தன. லாரியை ஓட்டி வந்த தொழிலாளி மாண்டு போனார்.

அந்த இடத்துக்கு அருகே குடியிருந்த ஒரு முதிய தம்பதி சத்தம் கேட்டு எழுந்து ஓடி வந்தனர். நிலைமையைக் கண்டனர். ரயில் வரப் போகிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு டார்ச் விளக்கு. அதை வைத்துக் கொண்டு, தள்ளாத வயதில், இருட்டில், பாதையோரமாக ஓடினர். எதிரே வந்து கொண்டிருந்த சிறப்பு ரயிலை நோக்கி விளக்கை வேகமாக ஆட்டினர். ரயில் நின்றது.

தமிழக முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி கொடுத்தார். பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டின. நாமும் மனம் நிறைந்து பாராட்டுகிறோம். உழைப்பாளி மக்களின் நெஞ்சில் எப்பேர்ப்பட்ட பொறுப்புணர்ச்சி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் பாராட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட முடியுமா? லாரி விழுந்ததற்கு ரயில்வேயைக் குற்றம் சொல்ல முடியாது. அது சரி. அன்றிரவு அந்த முதியவர்கள் அயர்ந்து தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டார்ச் விளக்கில் பாட்டரி தீர்ந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம். தண்டவாளத்தையும் பாலத்தையும் காப்பது யார்? காப்பதற்கான விஞ்ஞானம் நம் நாட்டில் இருக்கிறதா? இருக்கிறதென்றால், அது புளியரை மலை வரைக்கும் வந்து சேருகிறதா?

மலையைக் குடைந்த பாதை

நமது வட்டாரத்துப் பாதையையே எடுத்துக் கொள்வோம். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு 1904-இல் ரயில் ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து, பள்ளத்தில் தூண் எழுப்பி, காட்டுக்குள் பாதை போட்டவர்கள் பெயர் தெரியாத கூலித் தொழிலாளர்கள். தென்மலைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறதே பதின்மூன்று கண் பாலம், அது அவர்கள் கையால் எழுந்தது. நூற்றுக்கு மேல் வயதாகியும் அது நிற்கிறது. பாதையை அகலமாக்கியபோது அதை இடித்துவிடவில்லை. பலப்படுத்தி, அதன் மேலேயே அகலப் பாதை ரயிலை விட்டார்கள்.

மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள சுமார் 50 கிலோமீட்டர் மலைப் பாதையை அகலமாக்கி, 2018-இல்தான் மறுபடி திறந்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்த மலைக்கு இருபுறமும் வாழும் ஏழை மக்கள் பஸ்ஸுக்கு இரட்டைக் காசு கொடுத்து அல்லாடினார்கள். திறந்த பிறகும் மலைப் பகுதியில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். வண்டியை ஏற்ற முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின். பெட்டிகளோ 14-க்கு மேல் கிடையாது. கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் கட்டட வேலைக்குப் போகிற நமது தோழர்கள் கக்கூஸ் வாசலில் உட்கார்ந்து பிரயாணம் செய்தார்கள்.

கூடுதல் பெட்டி கேட்டால், மலைப் பாதை தாங்குமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி ஸ்தாபனத்தார். ஆர்.டி.எஸ்.ஓ. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். அவர்கள் 2023-இல் இந்த மலைப் பாதையில் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். அதன் பிறகு, 2024 ஆகஸ்டில் பாலருவி எக்ஸ்பிரஸ் தூத்துக்குடி வரை நீட்டிக்கப்பட்டபோது பெட்டிகள் 18 ஆயின.

இதை எதற்காகச் சொல்கிறோம்? ஆராய்ச்சி என்றால் அது எங்கோ வடக்கே, கண்ணாடி போட்ட மேதாவிகள் செய்கிற காரியம், நமக்கு அதில் என்ன வேலை என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த ஆராய்ச்சியின் முடிவு நமக்கு உட்கார இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பதையும், உயிரோடு வீடு திரும்புவோமா மாட்டோமா என்பதையும் தீர்மானிக்கிறது. ஆகவே அது நமது விவகாரம்.

இரும்பும் நோய்ப்படும்

தண்டவாளம் வெறும் இரும்புதானே, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். இரும்புக்கும் நோய் உண்டு.

இன்றைய அகலப் பாதைத் தண்டவாளம் ஒரு மீட்டர் நீளத்துக்கு 60 கிலோ கனம். முன்னெல்லாம் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, இணைப்புத் தகடு வைத்து, போல்ட் போட்டு முடுக்குவார்கள். வண்டி ஓடும்போது 'தடக், தடக்' என்று கேட்குமே, அந்த இடைவெளிதான் காரணம். இப்போது பல தண்டுகளைப் பற்றவைத்து நெடுந்தூரத்துக்கு ஒரே தண்டாக்கி விடுகிறார்கள். பிரயாணம் சுகமாகிறது, ஆனால் புதிய அபாயமும் பிறக்கிறது. வெயிலில் இரும்பு நீளும். கட்டுப்பாடில்லாமல் விட்டால், ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 10 டிகிரி சூடு ஏறினால் 11 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். நீள இடமில்லாதபடி சிலிப்பர் கட்டையும், கிளிப்பும், இருபுறமும் கொட்டிய கருங்கல் ஜல்லியும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஜல்லி குறைந்தால், கிளிப் கழன்றால், சித்திரை வெயிலில் பாதை பாம்பு போல் நெளிந்துவிடும். குளிர்காலப் பின்னிரவில் இதற்கு நேர்மாறாக இரும்பு சுருங்கும். உள்ளே மெல்லிய வெடிப்பு இருந்தால் அந்த இழுப்பில் ஒடிந்துவிடும்.

அந்த உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்டவாளத்துக்குள் செலுத்தி, அது திரும்பி வருகிற விதத்தைப் பார்த்து வெடிப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவிகள் வந்திருக்கின்றன. பாதையின் மட்டத்தையும் அகலத்தையும் ஓடிக்கொண்டே அளந்து பதியும் தனி வண்டிகளும் இருக்கின்றன. நல்லது. விஞ்ஞானம் மனிதனுக்குக் கொடுத்த வரப்பிரசாதம் இது.

ஆனால் கருவி தினந்தோறும் வராது. தினந்தோறும் வருகிறவர் கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பானரும் சுமந்து, வெயிலென்றும் சாரலென்றும் பாராமல், தன் பகுதி முழுவதையும் நடந்தே பார்க்கிறார். கழன்ற கிளிப்பைத் தட்டி ஏற்றுகிறார். தட்டும்போது எழும் ஓசையே அவருக்குப் பல செய்திகளைச் சொல்லும். விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் வேலை செய்த தோழர்களைக் கேளுங்கள். யந்திரத்தின் சத்தம் சற்றே மாறினால், மானேஜருக்கும் மேஸ்திரிக்கும் தெரிவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தெரிந்துவிடும். அதே அறிவுதான் கீமேனின் அறிவும். அதை விஞ்ஞானம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

தண்ணீர் தின்னும் பாலம்

பாலம் எப்படி விழுகிறது? ரயிலின் பாரம் தாங்காமல் விழுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆற்றுப் பாலங்களுக்குப் பெரும் பகை பாரமல்ல, தண்ணீர். வெள்ளம் தூணின் அடியில் மண்ணை அரிக்கிறது. கரையோடு பாலம் சேரும் இடத்தில் அணைத்துக் கட்டிய மண்ணைக் கரைக்கிறது. மேலே தண்டவாளம் நேராகத்தான் தெரியும். அடியில் ஒன்றும் இருக்காது. வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளத்துக்கரையில் ஒரு நண்டு வளை போதும். ஒரே இரவில் கரை உடைந்துவிடும்.

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றை நெருங்கியது. இரவெல்லாம் பெய்த மழையில் ஆறு பெருகி, பாலத்தருகே பாதையை அரித்துத் தின்றிருந்தது. டிரைவருக்கு அது தெரியாது, சொல்வாரும் இல்லை. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் பாய்ந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள். நமது தென் மாவட்டங்களுக்கு வந்து கொண்டிருந்த ரயில் அது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், செப்டம்பரில், ஹைதராபாத்துக்குத் தெற்கே மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜிநாமாச் செய்தார். அந்த நேர்மையை இன்றளவும் நாடு பேசுகிறது. ஆனால் ஒரு மந்திரி விலகியதால் ஒரு பாலமும் பலப்பட்டுவிடாது.

மறு ஆண்டு, 1957-இல், ஏற்கெனவே இருந்த தர நிர்ணய அலுவலகத்தையும், 1952-இல் தொடங்கிய சோதனை ஆராய்ச்சி நிலையத்தையும் ஒன்றாக்கி, லக்னோவில் ரயில்வே ஆராய்ச்சி ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். நாம் முன்னே சொன்ன ஆர்.டி.எஸ்.ஓ. அதுதான். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்தத் தண்டவாளம் எத்தனை டன் ஓடிய பிறகு மாற்றப்பட வேண்டும், எந்த வேகம் எந்த வளைவுக்கு ஏற்றது என்பதையெல்லாம் அவர்கள் சோதித்து விதி வகுக்கிறார்கள்.

இப்போது 2023-க்கு வருவோம். டிசம்பர் 17 இரவு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் வானமே பிளந்து கொட்டியதுபோல மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர்ப் பக்கம் வெள்ளம் ஜல்லியை அடித்துக் கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பிரயாணிகள். நிறுத்தாமல் விட்டிருந்தால் இன்னோர் அரியலூர்! நிறுத்தியதால் அவர்கள் பசியும் குளிரும் பட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் நிற்க, சமைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். எல்லோரும் உயிரோடு வீடு சேர்ந்தார்கள்.

அரியலூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் என்ன வித்தியாசம்? மழை ஒன்றுதான், அரிப்பு ஒன்றுதான். ஒரு சேதி உரிய நேரத்தில் உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்ததுதான் வித்தியாசம். ஸ்டேஷன் சிப்பந்திகள் விழித்திருந்தார்கள். நிறுத்தும் துணிச்சல் அவர்களுக்கு இருந்தது. பாதுகாப்பு என்பதன் முழு ரகசியமும் இதுவே.

நமது மலையடிவாரத்துக்கும் இது பொருந்தும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் கண்மூடித் திறப்பதற்குள் வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக் கொண்டு போனதை மறந்திருக்க மாட்டோம். குற்றாலத்து அருவி சீசன்காரர்களுக்கு வேடிக்கை. அதே மலையிலிருந்து இறங்கும் பல ஓடைகள், ரயில் பாதையின் அடியில் உள்ள சிறு பாலங்கள் வழியாகத்தான் குளத்துக்கும் வயலுக்கும் போகின்றன. அந்தக் கண்களில் சருகும் பிளாஸ்டிக் குப்பையும் அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? பாதையைத்தான் உடைக்கும்.

பாம்பன் சொல்லும் பாடம்

விஞ்ஞானத்தை மதித்தால் என்ன கிடைக்கும், அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி.

1914-இல் திறந்த பழைய பாலம் 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்தது. தனுஷ்கோடிக்குப் போன ரயிலும் அதிலிருந்தவர்களும் கடலுக்குப் பலியானார்கள். 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்து மறுபடி ரயில் விட்டார்கள் தொழிலாளர்களும் என்ஜினீயர்களும். பின்னாளில் அதே பாலத்தில் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். 2022 டிசம்பரில், தூக்குப் பகுதியில் அபாயம் என்று தெரிந்ததும் பிரயாணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. ஒரு உயிர் போகவில்லை. இது விஞ்ஞானத்துக்குச் செவி சாய்த்ததன் பலன்.

பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்தது. 2024 நவம்பரில் அதைப் பரிசோதித்த ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர், திட்டமிட்ட முறையிலேயே குறைகள் உண்டு என்றும், லக்னோ ஸ்தாபனத்தின் தர விதிகள் பின்பற்றப்படவில்லை என்றும் எழுதினார். சர்வதேச விதிகளின்படி வடிவமைத்தோம், சென்னை, பம்பாய் ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்தன என்று ரயில்வே பதில் சொன்னது. ஒரு கமிட்டி அமைத்தார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று கமிஷனர் வேகத்துக்கு வரம்பு கட்டினார்.

நாம் கேட்பது ஒன்றே. சொந்தமாக ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தை வைத்துக் கொண்டு, நாட்டின் பெயர்பெற்ற பாலத்தைக் கட்டும்போது அதன் விதியை ஏன் ஓரங்கட்ட வேண்டும்? கமிஷனர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவரல்ல. விமானப் போக்குவரத்து மந்திரி இலாகாவின் கீழ் இருப்பவர். அந்தச் சுதந்திரம் நல்லது. ஆனால் விபத்துக்குப் பிறகு அவர் செய்யும் சிபாரிசை ஏற்பதும் தள்ளுவதும் ரயில்வே போர்டின் கையில் இருக்கிறது. 2012-இல் அனில் ககோட்கர் தலைமையிலான கமிட்டி, ரயில்வே போர்டுக்கு அடங்காத பாதுகாப்பு அதிகார அமைப்பு ஒன்று வேண்டும் என்று சொன்னது. ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிட வேண்டும் என்றும் சொன்னது. பணத்தைப் பற்றிய பேச்சு நடந்தது. அதிகாரத்தைப் பற்றிய பேச்சு அலமாரிக்குப் போயிற்று.

லட்சம் கோடி எங்கே போனது?

2017-இல் ரயில் பாதுகாப்புக்கென்று ஒரு லட்சம் கோடி ரூபாய் தனி நிதி அறிவித்தார்கள். நல்ல காரியம். அதற்குப் பிறகு மத்தியத் தணிக்கை அதிகாரி 2017 ஏப்ரலிலிருந்து 2021 மார்ச் வரையான கணக்கைச் சோதித்து, 2022-இல் அறிக்கை கொடுத்தார். தோழர்கள் இந்த எண்களை மனதில் பதித்துக் கொள்ள வேண்டும்.

அந்த நான்கு ஆண்டுகளில் நடந்த பெரும் விபத்துக்கள் 217. அவற்றில் 163 தடம்புரளல். அதாவது நான்கில் மூன்று. பாதையை அளக்கும் தனி வண்டிகள் செய்ய வேண்டிய பரிசோதனையில் 30 சதவிகிதத்திலிருந்து 100 சதவிகிதம் வரை குறை. 100 சதவிகிதம் குறை என்றால் பரிசோதனையே நடக்கவில்லை என்று பொருள்! தண்டவாளம் மாற்றும் வேலைக்கு 2018-19-இல் சுமார் 9,600 கோடி ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டே அது சுமார் 7,400 கோடியாகக் குறைந்தது. பாதுகாப்பு நிதியிலிருந்து பாத்திரம் பண்டமும், நாற்காலி மேஜையும், கால் பிடித்துவிடும் கருவியும்கூட வாங்கியிருக்கிறார்கள். ஜல்லி மேல் நடந்து நடந்து கால் வெடித்த கீமேனுக்கு அந்தக் கருவி கிடைத்திருக்குமா என்று வாசகர்களே யூகித்துக் கொள்ளுங்கள்.

ஆள் நிலைமை என்ன? 2023 ஜூனில், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட கேள்விக்கு ரயில்வே சொன்ன பதில்: காலியிடங்கள் 2 லட்சத்து 74 ஆயிரம், அவற்றில் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை மட்டும் 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். 2025-இல் 32,438 கடைநிலை வேலைகளுக்கு விளம்பரம் கொடுத்தார்கள். அதில் பாதைப் பராமரிப்பு வேலையும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் கிணறு ஆழம், கயிறு குட்டை.

சர்க்கார் தரப்பில் ஒரு பதில் சொல்லப்படுகிறது. 2014-15-இல் 135-ஆக இருந்த பெரும் விபத்துக்கள் 2024-25-இல் 31-ஆகக் குறைந்துவிட்டன என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை, மகிழ்ச்சி அடைகிறோம். ஆனால் இந்த எண் யாருடைய வாதத்தைப் பலப்படுத்துகிறது? பழைய தண்டவாளத்தை மாற்றினால், ஆளில்லாத கேட்டை ஒழித்தால், பணமும் உழைப்பும் போட்டால் உயிர் பிழைக்கிறது என்பதைத்தானே அது காட்டுகிறது! ஆகவே விபத்து விதியின் விளையாட்டல்ல. மிச்சமிருக்கும் 31-ம் விதியல்ல. நாட்டில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரயில் பாலங்கள் இருக்கின்றன. 35 ஆயிரத்துக்கு மேற்பட்டவை நூறு வயதைத் தாண்டியவை. காவலைத் தளர்த்தும் காலமா இது?

அறிவை விற்றால் என்ன நடக்கும்?

"காண்டிராக்டுக்கு விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டுகிறோம். ரயிலுக்குத் தாய்நாடு அது. அங்கே ரயில்வேயைத் துண்டுபோட்டுத் தனியாருக்குக் கொடுத்தார்கள். பாதை ஒரு கம்பெனிக்கு. பராமரிப்பு வேறு காண்டிராக்டருக்கு. 2000 அக்டோபர் 17 அன்று ஹாட்ஃபீல்டு என்ற இடத்தில் தண்டவாளம் துண்டு துண்டாக நொறுங்கி, ரயில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தனர். அந்தத் தண்டவாளத்தில் வெடிப்பு இருப்பது முன்னமே தெரியும். மாற்றுத் தண்டவாளம்கூட வந்து பாதையோரத்தில் கிடந்தது. மாற்றத்தான் ஆளில்லை, பொறுப்புமில்லை. விபத்துக்குப் பிறகு, நாட்டில் இன்னும் எங்கெங்கே இப்படி வெடித்திருக்கிறது என்று அந்தக் கம்பெனிக்கே சொல்லத் தெரியவில்லை. நாடெங்கும் வேகத்தைக் குறைத்தார்கள். கம்பெனி நொடித்தது. 2002-இல் லாப நோக்கமில்லாத புதிய அமைப்பிடம் பாதையை ஒப்படைத்தார்கள்.

ஜப்பானைப் பாருங்கள். 1964 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. தடம்புரண்டோ மோதியோ ஒரு பிரயாணிகூட இறந்ததில்லை. நடுநிசி முதல் காலை ஆறு மணி வரை அந்தப் பாதையில் ரயிலே கிடையாது. அந்த நேரம் முழுவதும் பாதைத் தொழிலாளர்களுக்குச் சொந்தம். நமது நாட்டில் கேங்மேன் வேலை செய்ய ஒரு மணி நேரம் பாதையைக் கேட்டால், "வண்டி தாமதமாகும்" என்கிறார்கள். ஓடும் வண்டிகளுக்கு நடுவே வேலை செய்து, வளைவில் வருவது தெரியாமல் அடிபட்டுச் சாகும் பாதைத் தொழிலாளிகளின் சேதி பத்திரிகையில் நாலு வரிக்கு மேல் வருவதில்லை.

நாம் கோருவது

விஞ்ஞானம் வேண்டாம், ஆள் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஆள் வேண்டாம், கருவி போதும் என்று மேலிடம் நினைப்பதையும் ஏற்கமாட்டோம். கருவி கண்டுபிடித்த வெடிப்பை மாற்றக் கை வேண்டும். கையும் காலும் பார்க்க முடியாததைப் பார்க்கக் கருவி வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஆகவே, பாதைப் பராமரிப்பில் காலியாக உள்ள எல்லா இடங்களையும் நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். பாதையை நன்கு பார்த்துச் சீர்செய்யப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். மழைக்கால இரவு ரோந்துக்கு இருவர் சேர்ந்து போக வேண்டும். பின்னாலிருந்து வரும் வண்டியை அறிவிக்கும் கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கமிஷனரின் அறிக்கைகள் முழுமையாக, தமிழிலும் வெளிவர வேண்டும். லக்னோ ஆராய்ச்சியாளர்கள் மலைப் பாதைக்கு வரும்போது அதிகாரிகளின் சலூன் பெட்டியோடு நின்றுவிடாமல், பகவதிபுரம், ஆரியங்காவு கேங்மேன்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். எந்த ஊற்று எந்த மாதத்தில் எந்த இடத்தில் கசியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நமக்கும் கடமை உண்டு. பாதையோர வயலில் நடவு நடும் தாய்மார்களே, ஆடு மேய்க்கும் தோழர்களே! சிறு பாலத்தின் கண் அடைத்திருந்தால், ஜல்லி சரிந்திருந்தால், தண்டவாளம் வெடித்திருந்தால், பக்கத்துக் கேட்டிலோ ஸ்டேஷனிலோ உடனே சொல்லுங்கள். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவசரத்தில் ரயிலை நிறுத்த வேண்டுமானால் பாதையை விட்டு விலகி ஓரத்தில் நில்லுங்கள். பகலில் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள், அல்லது சிவப்புத் துணியைக் காட்டுங்கள். இரவில் கையில் உள்ள விளக்கைக் குறுக்கே வேகமாக ஆட்டுங்கள். டிரைவர் அதை அபாய அறிவிப்பாக எடுத்துக் கொள்வார். புளியரையில் அந்த முதியவர்கள் செய்தது அதைத்தான்.

அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். ஒரு டார்ச் விளக்கைக் கொண்டு ஒரு ரயிலைக் காத்துவிட்டார்கள். லட்சம் கோடியைக் கையில் வைத்திருப்பவர்கள் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். செய்ய வைக்கும் பொறுப்பு, அந்த ரயிலில் ஏறி வேலைக்குப் போகிற நம்முடையது.